பஞ்ச், டை இயந்திரம், கணினி வெட்டி, அச்சகம்: மலையில் வாழ்த்து அட்டை செய்வோர் எதைத் தேர்வது?

கோத்தகிரி, குன்னூர் வட்டாரத்தில் வீட்டிலிருந்தபடியே கைவேலை செய்யும் பெண்களும் சிறு மகளிர் குழுக்களும் வாழ்த்து அட்டை, டேக் செய்து விற்கத் தொடங்கும்போது முதலில் கேட்பது எந்த இயந்திரத்தை வாங்கலாம் என்பதைத்தான். அந்தக் கேள்விக்கு நேரடியாக விடை சொல்லாமல், எந்த வடிவத்தை எந்தக் காகிதத்தில் எத்தனை முறை வெட்டப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பதுண்டு. கருவியை முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்ற வேலையைத் தேடுவோர், கடைசியில் அந்தக் கருவியோடு வந்த வடிவங்களையே விற்க நேர்கிறது. வேலையை முதலில் தீர்மானித்தவர்களுக்குக் கருவி தானாகவே அமைந்துவிடுகிறது. மலையில் இன்னும் இரண்டு காரணங்கள் சேர்ந்துகொள்கின்றன: ஒன்று ஈரம், மற்றொன்று மின்வெட்டு. சமவெளியில் எழுதப்படும் அறிவுரைகளில் இவ்விரண்டும் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை என்பதால் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

வாழ்த்து அட்டையும் டேக்கும் பார்வைக்கு ஒரே இனமாகத் தெரிந்தாலும் வெட்டும் முறையில் அவை வெவ்வேறு வேலைகள். ஏ4 தாளைப் பாதியாக வெட்டினால் 148க்கு 210 மில்லிமீட்டர் அளவுள்ள ஏ5 துண்டு கிடைக்கும். அதை மடித்தால் ஓர் அட்டை. அதற்கு 114க்கு 162 மில்லிமீட்டர் உள்ள சி6 உறை சரியாகப் பொருந்தும். இந்த அட்டையில் வெட்டு வடிவம் என்பது மேலே ஒட்டப்படும் பூவாகவோ, நடுவே திறக்கப்படும் சன்னலாகவோ இருக்கும். ஒவ்வொரு அட்டையும் சிறிது வேறுபட்டிருந்தால்தான் வாங்குபவர் கையில் எடுத்துப் பார்ப்பார். டேக்கின் இயல்பு அதற்கு நேர்மாறானது. தேயிலைப் பொட்டலத்திலும் தைலப் புட்டியிலும் கட்டித் தொங்கவிடும் டேக் ஆயிரம் இருந்தாலும் ஆயிரமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். துளை ஒரே இடத்தில் விழ வேண்டும். விலை சில ரூபாயைத் தாண்டக்கூடாது. 5க்கு 9 சென்டிமீட்டர் அளவில் ஓர் ஏ4 தாளில் 12 டேக் வரும். ஆயிரம் டேக்குக்கு 84 தாள் போதும். எனவே டேக்கில் செலவாவது காகிதத்தைவிட வெட்டும் நேரமே.

கத்தரிக்கோலையும் வெட்டுக் கத்தியையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கைத்திறன் உள்ளவருக்கு எந்த வடிவமும் அவற்றால் இயலும். ஐம்பதாவது துண்டு முதல் துண்டைப் போல இருக்காது என்பதே குறை. புதிய வடிவத்தை முதன்முதலில் பார்ப்பதற்கு மட்டும் எல்லோரிடமும் அவை இருக்க வேண்டும்.

பஞ்ச் என்று கடைகளில் கிடைக்கும் சிறு கருவி, மேல் அச்சு கீழ் அச்சின் துளைக்குள் இறங்கிக் காகிதத்தைக் கத்தரிப்பது போன்ற அமைப்புடையது. சில நூறு ரூபாய்க்குள் வாங்கிவிடலாம், மின்சாரம் வேண்டாம், குழந்தைகளும் பயன்படுத்தலாம். ஏறத்தாழ 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) வரையிலான தாளை அது சுத்தமாக வெட்டும். அதற்கு மேற்பட்ட தடிமனில் மேல் அச்சு சிக்கிக்கொண்டு மேலே வர மறுக்கும். அதன் வாய் ஆழம் குறைவானதால், தாளின் ஓரத்திலிருந்து ஓரிரு அங்குலத்துக்கு அப்பால் அதனால் எட்ட முடியாது. அட்டையின் நடுவே சன்னல் திறக்க நினைப்பவர் பஞ்சை நம்பக்கூடாது. கை வலி மற்றொரு சங்கதி. கட்டைவிரலால் நூற்றுக்கணக்கான முறை அழுத்துவது மணிக்கட்டைப் பாதிக்கும் என்பதால், மேசைமீது வைத்து, எழுந்து நின்று, உள்ளங்கையால் உடல் எடையைக் கொடுத்து அழுத்துவதே நல்லது. மழைக்காலத்தில் உள்ளே இருக்கும் எஃகு அச்சு துருப்பிடிக்கும். தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, எண்ணெய்க் கறை விழுவது நிற்கும் வரை பழைய தாளில் சில முறை வெட்டிய பிறகே நல்ல தாளைக் கொடுக்க வேண்டும். முனை மழுங்கினால் மெழுகுத்தாளையோ சமையலறை அலுமினியத் தாளையோ சில முறை வெட்டினால் மீண்டும் இலகுவாக இயங்கும். வட்டம், இதயம், சிறு பூ, மூலை வளைவு ஆகியவற்றுக்குப் பஞ்சை விஞ்சியது எதுவும் இல்லை. குறிப்பாக மூலை வளைக்கும் பஞ்ச் ஒன்றும் துளையிடும் பஞ்ச் ஒன்றும் எந்த வழியைத் தேர்ந்தாலும் வேண்டியிருக்கும்.

கையால் சுற்றும் டை (கூர்விளிம்புள்ள வெட்டு அச்சு) இயந்திரத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் மலைச் சூழலுக்கு மிகவும் ஒத்துப்போவது அதுதான் என்பது என் கருத்து. இரண்டு உருளைகளுக்கிடையே ஒரு தட்டடுக்கை நுழைத்துக் கைப்பிடியைச் சுற்றினால், அடுக்கு அழுத்தப்பட்டு மறுபுறம் வெளிவரும். அடுக்கின் வரிசை எளியது: அடியில் தாங்கு பலகை, அதன்மேல் தெளிவான நெகிழித் தட்டு, அதன்மேல் காகிதம், கூர்முனை கீழ்நோக்கியபடி டை, மேலே இன்னொரு நெகிழித் தட்டு. முறுக்கு மாவை அச்சு வெட்டுவதில்லை, பிழிகிறது. தேய்த்து விரித்த மாவைக் கிண்ணத்தின் விளிம்பால் வெட்டுவது போன்றதே டை செய்யும் வேலை. விளிம்பு முழுவதும் ஒரே நேரத்தில் காகிதத்தில் இறங்குவதால் சிக்கலான வடிவமும் இழுபடாமல் வருகிறது. சிறிய இயந்திரத்தின் வாய் அகலம் சுமார் 15 சென்டிமீட்டர் என்பதால் ஏ5 துண்டு விரித்த நிலையிலேயே உள்ளே போகும். அட்டையின் நடுவே சன்னல் திறப்பது, மடிப்புக் கோட்டின் குறுக்கே வெட்டி வடிவத்தை எழுந்து நிற்கச் செய்வது ஆகிய இரண்டும் இதனால் இயலும்.

இந்த இயந்திரத்தில் இரு வகை டை பயன்படும். மெல்லிய உலோகத் தகடாக இருப்பது ஒன்று. அது நுணுக்கமான வடிவங்களைத் தரும், ஆனால் ஒரு முறைக்கு ஒரு தாளையே வெட்டும். தடித்த நுரைப்பஞ்சுக்குள் எஃகுப் பட்டை பதிக்கப்பட்டது மற்றொன்று; அது துணியையும் தடித்த அட்டையையும் பல அடுக்குத் தாளையும் வெட்டும், ஆனால் வடிவம் எளியதாக இருக்க வேண்டும். மெல்லிய டை வெட்டாமல் விட்ட இடம் தெரிந்தால், தட்டுகளுக்கிடையே ஓர் உபரித் தாளைச் செருகி மீண்டும் ஒரு முறை சுற்றினால் போதும். கைப்பிடியைப் பலவந்தமாகத் திருகினால் தட்டு விரிசல் விடும். தட்டுகள் ஒரே பக்கமாகவே பயன்படுத்தப்பட்டால் வளைந்துபோகும் என்பதால் ஒவ்வொரு முறையும் புரட்டி வைக்க வேண்டும். நுணுக்கமான டையிலிருந்து காகிதம் வெளிவர மறுக்கும்போது, டைக்கும் காகிதத்துக்கும் இடையே பட்டர் பேப்பர் ஒரு துண்டு வைத்தால் வடிவம் கிழியாமல் பிரிந்துவரும்.

மின்சாரம் தேவையில்லை என்பது இந்த இயந்திரத்தின் மிகப் பெரிய பலம். நீலகிரியில் விற்பனை ஏப்ரல், மே மாதச் சீசனிலும் கிறிஸ்துமஸ் முதல் பொங்கல் வரையிலும் கூடும். டிசம்பரில் விற்க வேண்டிய அட்டைகளை அக்டோபர், நவம்பரில் வெட்டியாக வேண்டும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழை பெய்து மரங்கள் மின்கம்பிகளின்மேல் சாய்வதும் அந்த மாதங்களில்தான். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தில் இதே இடர் தென்மேற்குப் பருவத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, வருகிறது. பழனி மலையில் கொடைக்கானலுக்கும் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். வேலை மிகுந்த நாளில் மின்சாரம் இல்லாமல் போவதை விதிவிலக்காக அல்ல, ஆண்டுதோறும் நிகழ்வதாகக் கொண்டுதான் கருவியைத் தேர வேண்டும்.

இந்த இயந்திரத்தின் பலவீனம் வடிவங்களில் இருக்கிறது. கடையில் கிடைக்கும் டைகளில் பெரும்பாலானவை பனித்துகள், ஊசியிலை மரம், கலைமான் என்று வேறொரு நாட்டின் குளிர்காலத்தைக் காட்டுகின்றன. நம் மலையைத் தேடி வந்து ஊருக்குத் திரும்புபவர் அதை வாங்குவதற்கு என்ன காரணம் இருக்கிறது? தேயிலையின் இரண்டு இலையும் ஒரு மொட்டும், குறிஞ்சியின் மணி வடிவப் பூ, மலை ரயிலின் எஞ்சின், வரையாட்டின் பக்கத் தோற்றம் ஆகியவை இந்த மண்ணின் வடிவங்கள். 2006-லும் 2018-லும் பூத்த நீலக்குறிஞ்சி 2030-இல் மீண்டும் பூக்கும் என்று எதிர்பார்க்கப்படுவதால், அந்த ஒரு வடிவத்துக்கு மட்டும் இப்போதே டை செய்து வைப்பது வீண்போகாது. ஆனால் எல்லா வடிவமும் வெட்டுக்கு உகந்தவை அல்ல. வரையாட்டின் மெல்லிய கால்கள் டேக்கில் முதல் நாளே மடிந்துவிடும்; அதைக் கழுத்துவரை மட்டும் வரைந்து, வளைந்த கொம்பைத் தடிப்பாக வைத்தால் நிலைக்கும். பெரணி இலை அழகானது, ஆனால் ஒட்டும்போது ஒவ்வொரு நுனியும் தனித்தனியாகத் தூக்கிக்கொள்ளும். அரிவாள் போல் வளைந்த தைலமர இலைதான் எல்லாவற்றிலும் எளியது, உறுதியானது. தைலப் புட்டிக்கு அதைவிடப் பொருத்தமான டேக் வடிவம் எனக்குத் தோன்றவில்லை. தோடர் பூவேலைப்பாட்டின் சிவப்பு, கறுப்புக் கோலத்தைக் காகிதத்தில் வெட்டலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நூலை எண்ணி எண்ணித் தைக்கும் அந்த வேலை 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. அது தோடப் பெண்களுடைய கைவேலை. அதைக் காகிதத்தில் அச்செடுத்து விற்பது முறையல்ல என்று உறுதியாக நம்புகிறேன்.

நமக்கென்று வடிவம் வேண்டுமென்றால் எஞ்சுவன இரண்டு வழிகள்: கணினியோடு இணையும் மின் வெட்டு இயந்திரம், அல்லது அச்சகத்தில் சொந்தமாக டை செய்துகொள்வது.

கிரிக்கட், சில்லூயட் போன்ற பெயர்களில் வரும் மின் வெட்டு இயந்திரம், திரையில் வரைந்த கோட்டின்மீது ஒரு சிறு கத்திமுனையை இழுத்துச் சென்று வெட்டுகிறது. வடிவத்துக்கு எல்லையில்லை, பெயர், ஊர், தேதி எதையும் எழுத்தாகவே வெட்டித் தரும், திருமண அழைப்புக்கென ஐம்பது அட்டை, ஒவ்வொன்றிலும் வேறு பெயர் என்று கேட்பவருக்கு வேறு எந்தக் கருவியும் உதவாது. எதிர்ப்பக்கத்தில், விலை பல ஆயிரங்களில் தொடங்குகிறது. கத்தியும் தாளைப் பிடித்துவைக்கும் ஒட்டும் பாயும் தேயத் தேய மாற்ற வேண்டியவை. சில நிறுவனங்களின் மென்பொருளுக்கு இணைய இணைப்பு வேண்டும், சிலவற்றின் இலவசப் பதிப்பு நாம் வரைந்து வைத்திருக்கும் எல்லா வகைக் கோப்பையும் திறக்காது. வாங்குவதற்கு முன்பே இவ்விரண்டையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். வெட்டிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் அந்தத் தாள் வீணாகும். இதன் மின் தேவை குறைவு என்பதால் வீட்டு இன்வெர்ட்டரே தாங்கும், ஆனால் இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் இதை வாங்குவது அறிவுடைமையாகாது. ஈரம் இன்னொரு சிக்கல். மழை நாளில் நீரை உறிஞ்சித் தளர்ந்த தாளைக் கத்திமுனை வெட்டுவதற்குப் பதிலாக உழுதுகொண்டு போகும்; மூலைகளில் நார் எழும்பும். தாள்களை முந்தைய இரவே இறுக்கமான மூடியுள்ள தகர டின்னில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்திருந்தால் இது பெருமளவு குறையும்.

அச்சக டை என்பது பழைய, நம்பிக்கையான முறை. ஒட்டுப்பலகையில் வடிவத்தின் கோட்டைக் குடைந்து, அந்தப் பிளவில் எஃகு வெட்டுப் பட்டையை வளைத்துச் செருகி, இருபுறமும் ரப்பர் துண்டுகளை ஒட்டுவார்கள். வெட்டிய பின் தாளை வெளியே தள்ளுவது அந்த ரப்பர்தான். மடிப்புக் கோடு வேண்டிய இடத்தில் கூரில்லாத பட்டையைச் செருகினால் வெட்டும் மடிப்புத் தடமும் துளையும் ஒரே அழுத்தத்தில் விழும். அட்டைப்பெட்டி செய்யும் அச்சகங்கள் எல்லாவற்றிலும் இந்த வேலை உண்டு. உதகையிலிருந்து ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோயம்புத்தூரிலும், கொடைக்கானல்காரர்களுக்கு மதுரையிலும், தொகை பெரிதானால் சிவகாசியிலும் செய்துகொள்ளலாம். எஃகுப் பட்டையை ஓர் அளவுக்கு மேல் நெருக்கி வளைக்க முடியாது என்பதால் வடிவம் எளியதாக, வளைவுகள் தாராளமானவையாக இருக்க வேண்டும். தைலமர இலைக்கு அது பொருந்தும். மலை ரயிலின் சக்கரங்களுக்குப் பொருந்தாது.

இதன் பொருளாதாரம் முழுக்க எண்ணிக்கையில் அடங்கியிருக்கிறது. ஒரு பேச்சுக்கு, டை செய்யவும் இயந்திரத்தில் பூட்டவும் சேர்த்து 2,100 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 300 டேக் மட்டும் வெட்டும்போது ஒன்றின்மேல் 7 ரூபாய் ஏறும். 3,000 வெட்டும்போது 70 காசுதான் ஏறும். தொகை ஊருக்கு ஊர் மாறும், ஆனால் இந்தக் கணக்கின் போக்கு மாறாது. மறுபுறம், கையால் சுற்றும் இயந்திரத்தில் ஒரு டேக்குக்கு ஒரு நிமிடம் என்று எடுத்துக்கொண்டாலே ஆயிரத்துக்கு 16 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் அதே கைகள் அட்டைகளைச் செய்திருக்கலாம். ஆகவே டேக்குக்கு நிலையான வாடிக்கையாளர் கிடைத்து, வடிவம் ஓராண்டுக்கு மாறாது என்பது உறுதியான பிறகு அச்சகத்துக்குப் போவதே சரி. செய்த டையைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. காசு கொடுத்துச் செய்த டை நம்முடையது, அடுத்த முறை வேறு அச்சகத்திலும் அதையே பூட்டலாம்.

லேசர் வெட்டை இந்த வேலைக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அது காகிதத்தை எரித்தே வெட்டுகிறது. வெள்ளைத் தாளின் விளிம்பு பழுப்பாகிறது, புகை மணமும் சில நாள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தேயிலை அருகிலுள்ள எந்த மணத்தையும் எளிதில் ஏற்றுக்கொள்ளும் பொருள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

கருவியைவிடக் காகிதத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பருத்தித் துணிக் கழிவிலிருந்து கையால் செய்யப்படும் காகிதம் அட்டைக்குக் கண்ணியத்தைத் தருகிறது. புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்சாலை 1959 முதல் அத்தகைய தாளைச் செய்துவருகிறது. ஆனால் அதன் நார்கள் நீளமானவை. பஞ்சில் அது மெல்லியதாக இருந்தால் மட்டுமே வெட்டுப்படும். மின் இயந்திரத்தின் கத்தி நார்களைப் பிடித்து இழுத்து விளிம்பைப் பிசிறாக்கும். மெல்லிய உலோக டையில் இரண்டு மூன்று சுற்று தேவைப்படும். எஃகுப் பட்டை டைதான் தயங்காமல் வெட்டும். கைக்காகிதத்தை அட்டையின் அடித்தளமாக மட்டும் வைத்துக்கொண்டு, ஒட்டும் வடிவங்களை 120 முதல் 200 ஜிஎஸ்எம் வரையிலான வண்ணத்தாளில் வெட்டுவது எல்லாக் கருவிக்கும் ஒத்துவரும். தைலப் புட்டியின் டேக்குக்குப் பழுப்பு நிறக் கிராஃப்ட் தாள் நல்லது. எண்ணெய் பட்டால் வெள்ளைத் தாளில் கறை பளிச்சென்று தெரியும், பழுப்பில் அவ்வளவாகத் தெரியாது. ஆலையில் செய்த எந்தத் தாளாயினும் அதன் நார் ஓடும் திசையறிந்து, மடிப்பு அத்திசையிலேயே வருமாறு வெட்ட வேண்டும். தாளை இரு பக்கமும் மெல்ல வளைத்துப் பார்த்தால் எளிதில் வளையும் திசை தெரிந்துவிடும். குறுக்கே மடித்த அட்டை மழைக்காலத்தில் வாய் திறந்தே நிற்கும்.

எடையையும் பார்க்க வேண்டும், ஏனெனில் தபாலில் கடிதங்களுக்கு 20 கிராமுக்கு ஒரு படியாகக் கட்டணம் உயர்கிறது. 250 ஜிஎஸ்எம் தாளில் ஏ5 துண்டு ஒன்று 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு. உறையைச் சேர்த்தாலும் மேலே இரண்டு மூன்று அடுக்கு வடிவம் ஒட்ட இடம் இருக்கும். 300 ஜிஎஸ்எம்மில் அடுக்கடுக்காக ஒட்டினால் எல்லையைத் தாண்டுவது எளிது.

வடிவத்தைத் தூக்கி நிறுத்த நுரை ஒட்டுப்பட்டையும், மினுக்குவதற்குக் கிளிட்டர் தாளும் பலர் வாங்குகிறார்கள். இரண்டும் நெகிழி. தமிழ்நாடு முழுவதும் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் பலவற்றுக்குத் தடை உண்டு. நீலகிரி அதற்கு வெகுகாலம் முன்பே அந்த வழியில் நடக்கத் தொடங்கிவிட்டது. அட்டைக்கு அந்தத் தடை நேரடியாகப் பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும், சோதனைச் சாவடியில் தண்ணீர்ப் புட்டியை ஒப்படைத்துவிட்டு வரும் பயணியிடம் நெகிழி மினுக்கைக் கைவேலை என்று கொடுப்பது எனக்கு ஒவ்வாது. வெட்டில் விழுந்த கழிவு அட்டையைச் சிறு சதுரங்களாக நறுக்கி இரண்டு அடுக்காக ஒட்டினால் அதே உயரம் கிடைக்கும். டேக்குக்குச் சணல் கயிறோ பருத்தி நூலோ போதும். குளிரில் பசை காய நேரமெடுக்கும் என்பதால், ஒட்டிய அட்டைகளை ஒரு பலகைக்கும் கனமான புத்தகங்களுக்கும் இடையே இரவு முழுவதும் வைத்தால் சுருளாமல் காயும்.

இப்போது தொடங்கும் நான்கைந்து பேர் கொண்ட குழுவுக்கு என் பரிந்துரை இதுதான். முதல் ஆண்டில் மூலை பஞ்ச், துளை பஞ்ச், ஓரிரு வடிவ பஞ்ச், கையால் சுற்றும் ஏ5 இயந்திரம் ஒன்று, அதற்கு நான்கு டைக்கு மேல் வேண்டாம். அவற்றில் பனித்துகள் ஒன்றுகூட வேண்டாம், எளிய இலையும் பூவும் சதுரச் சன்னலும் போதும். டேக்குக்குக் கடைக்காரர் ஒருவர் தொடர்ந்து வாங்குவதாகச் சொன்னால் தைலமர இலைக்கோ தேயிலைக்கோ அச்சகத்தில் ஒரு டை செய்து, ஆயிரம் டேக்குக்கான 84 தாளையும் ஒரே நாளில் வெட்டி வாங்கிக்கொள்ளலாம். கொடைக்கானல் குழுவானால், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டின் குமிழ் வடிவம் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். மின் வெட்டு இயந்திரத்தை, பெயர் பொறித்த அட்டைகளுக்கு ஆர்டர் வரத் தொடங்கிய பிறகு, அதன் வரும்படியிலிருந்தே வாங்கலாம். தனியொருவராகப் பொழுதுபோக்குக்குச் செய்பவருக்கு இதே வரிசை பொருந்தாது. கணினியில் வரைவதில் விருப்பமும் வீட்டில் இன்வெர்ட்டரும் இருந்தால் அவர் நேரே மின் இயந்திரத்துக்கே போகலாம்.

எதை வாங்குவதானாலும், நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே காகிதத்தில் பத்துத் தாளை எடுத்துச் சென்று, கடையிலோ ஏற்கெனவே அந்தக் கருவியை வைத்திருப்பவர் வீட்டிலோ வெட்டிப் பாருங்கள். முடிந்தால் அதை மழை நாளில் செய்யுங்கள்.